வள்ளியின் மலையும் மகேந்திரனின் பாறையும்

முதல் நாள், காட்பாடி

சென்னையிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் இரண்டு மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு பெரியம்மா வீட்டுக்கு நான்கு வருடம் கழித்து வருகிறேன். அதற்கான திட்டை வாசலிலேயே வாங்கிக்கொண்டுதான் செருப்பைக் கழற்றினேன்.

"கோயில் பாக்க வந்தியா, என்னைப் பாக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான் பெரிம்மா."

"கோயிலு முதல்ல வாயில வருது பாரு" என்றார். நான் கோயில் என்று சொல்லவே இல்லை. ஆனால் பையில் இருந்த கேமராவும் நோட்டும் சொல்லிவிட்டன போல.

திட்டம் பெரிதாக ஒன்றுமில்லை. இன்று மேல்பாடி, நாளை வள்ளிமலை, நாளை மறுநாள் மகேந்திரவாடி. மூன்றும் பழைய வட ஆற்காடு. 1989இல் அந்த மாவட்டத்தை இரண்டாக்கினார்கள். 2019இல் வேலூரை மறுபடி பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று புது மாவட்டங்கள் வந்தன. மகேந்திரவாடி இப்போது ராணிப்பேட்டைக் கணக்கு. பெரியம்மாவுக்கு மட்டும் எல்லாம் இன்னும் நார்த் ஆற்காடுதான்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அண்ணனின் பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வழியில் திருவல்லம். சம்பந்தர் பாடிய ஊர். வில்வநாதீஸ்வரர் கோயிலில் நந்தி சாமியைப் பார்க்காமல் எதிர்த்திசை பார்த்து உட்கார்ந்திருக்கும். அபிஷேகத்துக்குக் காஞ்சனகிரி மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த குருக்களை கஞ்சன் என்ற அசுரன் மறித்தானாம். சிவன் நந்தியை ஏவ, அது கஞ்சனைக் கிழித்துப் போட்டதாம். நெற்றி, அதாவது லலாடம், விழுந்த இடம்தான் லாலாப்பேட்டை என்கிறார்கள். கஞ்சன் திரும்பி வந்துவிடுவானோ என்று நந்தி இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது. அசுரனின் உடம்பை இப்படி ஊர் ஊராகப் பங்கு வைத்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பஸ் ஸ்டாண்டில் பலகை பார்க்கிறபோதெல்லாம் ஒரு கை, ஒரு கால் ஞாபகம் வருமே.

மேல்பாடி பொன்னையாற்றங்கரையில் இருக்கிறது. பழைய பெயர் நீவா நதி. ஆந்திராவிலிருந்து வந்து பாலாற்றில் சேரும். இன்று பார்த்தபோது ஆற்றில் மணலும் நாணலும்தான், நடுவில் வாய்க்கால் அளவு தண்ணீர். சோமநாதீஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் சோழேஸ்வரத்துக்குப் போனேன். சின்னக் கோயில். ஆனால் நான் இவ்வளவு தூரம் வந்தது இதற்காகத்தான். முதலாம் ராஜராஜன் தன் தாத்தா அரிஞ்சயனுக்குக் கட்டிய பள்ளிப்படை, அதாவது இறந்த அரசனின் நினைவாக எடுக்கிற கோயில், இது. 29ஆம் ஆட்சியாண்டில், 1014இல் வெட்டிய கல்வெட்டு, 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்க்கு' எடுப்பித்த அரிஞ்சிகை ஈஸ்வரம் என்கிறது. துஞ்சின என்றால் தூங்கிய. செத்தார் என்று சொல்ல வாய் வராமல் போட்ட சொல். தஞ்சாவூரில் அத்தனை பெரிய கோயிலைக் கட்டியவன் தாத்தாவுக்கு இங்கே இத்தனை சின்னதாக, அடக்கமாக ஒன்றைக் கட்டியிருக்கிறான். ஆள் யாரும் இல்லை. கோயிலின் அடிப்பீடத்து எழுத்துகளின் மேல் ஓர் ஆடு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

ராத்திரி இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் போட்டுக் குழம்பு. காம்பில் முள், காய் பிஞ்சு, எண்ணெயில் வதங்கியதும் வெண்ணெய் மாதிரி. புவிசார் குறியீடு வாங்கிய காய் இது என்றேன். "குறியீடு இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா. முள்ளு குத்துதா, அதான் அடையாளம்" என்றார் பெரியம்மா. அப்புறம் கையைக் கழுவிக்கொண்டே, "நாளைக்கு நானும் வரேன்" என்றார். வயது எழுபத்தொன்று, இரண்டு முழங்காலிலும் வலி. அண்ணன் என்னை முறைத்தான். நான் குழம்பைப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள், வள்ளிமலை

மலை ஏறி இறங்கி வந்து, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெரியம்மா பக்கத்து அறையில் குறட்டை. அவர் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விடியற்காலை ஆறு மணிக்கெல்லாம் ஆட்டோ. தை மாதக் குளிர் இன்னும் விடவில்லை. வெயில் காலத்தில் இந்தப் பாறைப் படிகளில் ஏறுவது தவாவில் ஏறுவது மாதிரி என்று ஆட்டோக்காரர் சொன்னார். அடிவாரக் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினோம். நானூற்றுச் சொச்சம் படிகள். பெரியம்மாவின் விதி எளிமையானது: இருபது படிக்கு ஒருமுறை உட்காருவது, உட்கார்ந்தால் கதை சொல்வது.

வள்ளி கதையை எல்லாருக்கும் தெரியும். நான் படித்தது கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில். கடைசிப் படலமே வள்ளியம்மை திருமணம்தான். அத்தனை யுத்தமும் சூரசம்ஹாரமும் முடிந்து, கடைசியில் ஒரு குறப்பெண்ணின் தினைப்புனத்தில் வந்து புராணம் ஓய்கிறது. பெரியம்மா கேட்டது நாடகத்தில். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஊர்த் திருவிழாவில் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிக்கும் வள்ளி திருமணம் விடிகிற வரை நடக்குமாம். அதில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கம் மட்டுமே இரண்டு மணி நேரம் போகுமாம். "முருகன் வர்றதுக்குள்ள பாதி ஜனம் தூங்கிடும். நான் தூங்க மாட்டேன்."

முதல் இருபது படி: மான் வயிற்றில் பிறந்த குழந்தையை, வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் போட்டுவிட்டு மான் ஓடிவிடுகிறது. குறவர் தலைவன் நம்பிராஜன் எடுத்து வளர்க்கிறான். கிழங்குக் குழியில் கிடைத்ததால் வள்ளி.

அடுத்த இருபது: பெண் வளர்ந்ததும் பரண் மேல் ஏறி தினைக்கு வரும் கிளியை விரட்டுகிறாள். இந்த இடத்தில் பெரியம்மா "ஆலோலம், ஆலோலம்" என்று மெல்ல ஒரு குரல் கொடுத்தார். எங்களைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கொஞ்சம் கூச்சப்பட்டேன். அவர் படவில்லை.

அதற்கும் மேலே: முருகன் வேடனாக வந்து பேச்சுக் கொடுக்கிறான். நம்பிராஜன் ஆட்களோடு வருகிற சத்தம் கேட்டதும் வேங்கை மரமாக நின்றுவிடுகிறான். நேற்று இல்லாத மரம் இன்று எப்படி வந்தது, வெட்டு என்கிறார்கள் கூட வந்தவர்கள். நம்பிராஜன் மட்டும், பெண்ணுக்கு நிழலாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறான். நான் இந்த இடத்தை எத்தனை தடவை படித்திருந்தாலும் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். பெரியம்மா அங்கேதான் நிறுத்தினார். "அவனுக்குத் தெரியாதுன்றியா? தெரியும்டா. பொண்ணப் பெத்தவனுக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சும் வெட்டல." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரியப்பா, அக்கா கல்யாணத்துக்குச் சம்மதிக்க எடுத்துக்கொண்ட மூன்று வருடம் எனக்கு ஞாபகம் வந்தது. அதை இருவருமே எடுக்கவில்லை.

பாதி மலையில் குரங்கு. பெரியம்மா வீட்டிலிருந்து தினைமாவு கொண்டுவந்திருந்தார். வறுத்துத் திரித்து, தேன் விட்டுப் பிசைந்து, எவர்சில்வர் டப்பாவில். சாமிக்குக் காட்டிவிட்டுச் சாப்பிடுவதற்காக. நான்தான் பையை ஓரமாக வைத்துவிட்டு ஏரியைப் போட்டோ எடுக்கப் போனேன். திரும்பினால் டப்பா பாறை மேல் இருந்தது, மூடி இன்னொருத்தன் கையில் இருந்தது. அவன் விரலை மாவில் விட்டு, நக்கி, ஒரு கணம் யோசித்து, மறுபடி விட்டான். எனக்குக் கோபமும் வெட்கமும். பெரியம்மா சிரித்தார். "கெழவன் வேஷத்துல வந்தவன் தினைமாவுதான கேட்டான். இவன் கேக்காமயே எடுத்துகினான்." டப்பாவை மட்டுமாவது மீட்கலாம் என்று கிட்டே போனேன். பல்லைக் காட்டியது. விட்டுவிட்டேன். அந்த டப்பாவில் பெரியப்பா பெயர் பொறித்திருந்தது என்று இறங்கும்போதுதான் சொன்னார்.

மேலே கோயில். பாறையைக் குடைந்த கருவறை, முருகன் வள்ளி தெய்வானையோடு. வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியவில்லை. தலைக்கு மேலே பாறை தாழ்ந்திருப்பது தெரிந்ததே குனியாமல் போய் இடித்துக்கொண்டதால்தான். எண்ணெய்ப் புகையும் விபூதியும் ஏறி வழவழத்த பாறை. குருக்கள் கற்பூரத்தைத் தூக்கிக் காட்டியபோது சாமியின் முகம் தெரிந்தது. அதற்கு முன்னால் எங்கள் தலைக்கு மேலே பாறையில் உளி விட்ட தடங்கள் ஒரு விநாடி வரிவரியாக எழுந்து அடங்கின. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஆரத்தியைத் தவறவிட்டேன். பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்து ஒற்றிக்கொள்ள வைத்தார்.

வள்ளிக்குத் தனியாகவும் ஒரு சன்னதி உண்டு. கல்யாணத்துக்கு முந்தைய வள்ளி, தினைப்புனம் காக்கிற குமரி. பெரியம்மா முருகனிடம் நின்றதைவிட இங்கே அதிக நேரம் நின்றார். என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்கவில்லை.

சூரியன் காணாத சுனை என்று ஒன்று இருக்கிறது. தினைமாவு தின்ற கிழவனுக்கு விக்கல் எடுக்க, வள்ளி தண்ணீருக்குக் கூட்டிப்போன சுனை அதுதான் என்கிறார்கள். பாறைகள் கவிந்து மூடியிருப்பதால் வெயில் விழாதாம். அந்தப் பக்கம் எதிரே ஒரு குன்றைக் காட்டி, அதுதான் யானை என்றார் பெரியம்மா. முருகன் கெஞ்சிப் பார்த்தும் வள்ளி மசியாததால் அண்ணனைக் கூப்பிட, பிள்ளையார் யானையாக வந்து மிரட்டினாரே, அந்த யானை. எனக்கு முதலில் குன்றாகத்தான் தெரிந்தது. தும்பிக்கை இங்கே, காது இங்கே என்று அவர் விரல் போட்ட பிறகு யானையாகவே தெரிகிறது. இப்போது போட்டோவில் பார்த்தாலும் குன்றாகப் பார்க்க முடியவில்லை.

கோயிலை விட்டு விலகி, பாறைச் சரிவோடு போனால் வேறொரு காலம். தொல்லியல் துறையின் நீலப் பலகை, கம்பி வேலி, பாறை முகத்தில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள். கீழே கன்னட எழுத்தில் கல்வெட்டுகள். சிவமாறனின் கொள்ளுப்பேரன், ஸ்ரீபுருஷனின் பேரன், ரணவிக்கிரமனின் மகன் ராஜமல்லன் என்ற கங்க மன்னன் இந்தப் பாழியை, சமண முனிவர்களின் குகைப்பள்ளியை, உண்டாக்கினான் என்று ஒன்று சொல்கிறது. 9ஆம் நூற்றாண்டு. இன்னொன்று, பாண அரசனின் குருவான தேவசேனரின் திருவுருவம் இது என்கிறது; அவர் பவணந்தியின் மாணவர். தமிழ்நாட்டு மலையில், கன்னட எழுத்தில், ஒரு கங்க அரசன் கொள்ளுத்தாத்தா வரை பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறான். இதையெல்லாம் பெரியம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். நோட்டில் எழுதி வைத்திருந்தேன், பெருமையாகத்தான் படித்தேன்.

அவர் பாதி கேட்டார். அப்புறம் வேலிக்கு வெளியே நின்று, கண்மூடி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "யாரா இருந்தா இன்னா. கண்ண மூடி உக்காந்துகினு கீறாங்க. நீ சத்தமாப் படிக்காத."

திரும்பும் வழியில் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகளின் ஆசிரமம். திருப்புகழை வீடு வீடாகக் கொண்டுபோனவர். வெள்ளைக்கார துரைகளுக்கு ஜனவரி முதல் தேதி பழத்தட்டோடு வாழ்த்துச் சொல்லப் போனவர்களைத் திருத்தணிப் படிகளின் பக்கம் திருப்பி, படிக்கு ஒரு திருப்புகழ் பாட வைத்தவர். 1950இல் சமாதியானார். வள்ளியை அவர் பொங்கி என்று அழைத்து வணங்கினார். அந்தப் பெயர் பெரியம்மாவுக்குப் புதிது. இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மிச்சக் கதையை இறங்கும்போது முடித்தார். வள்ளியை முருகன் ராத்திரியில் அழைத்துக்கொண்டு போகிறான். நம்பிராஜன் துரத்தி வந்து அம்பு விடுகிறான். சேவல் ஒரு கூவு கூவ, அப்பனும் அண்ணன்மாரும் செத்து விழுகிறார்கள். நாரதர் வந்து, பெற்றவர்களைக் கொன்றுவிட்டுப் பெண்ணைக் கொண்டுபோவது முறையா என்கிறார். வள்ளியின் சொல்லாலேயே அவர்கள் எழுந்திருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பி வந்து, அப்பன் தாரை வார்த்துக் கொடுத்த பிறகுதான் திருத்தணி. மாசியில் இங்கே வள்ளி கல்யாணம் நடக்கும். அப்போது தேர் மலையைச் சுற்றி வரும். இப்போதே அடிவாரத்தில் தேர்ச் சக்கரத்துக்கு ஆள் உட்கார்ந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "மாசிக்கு வா" என்றார் பெரியம்மா. வருகிறேன் என்றேன். போன தடவையும் அப்படித்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள், மகேந்திரவாடி

இன்று தனியாக. பெரியம்மா எழுந்திருக்கவே எட்டு மணி. "அங்க இன்னா கதை?" என்று மட்டும் கேட்டார். "ராஜா கதை" என்றேன். "வந்து சொல்லு, இல்ல போன்ல சொல்லு."

அரக்கோணம் பாசஞ்சரில் ஏறினால் திருவலம், வாலாஜா ரோடு, சோளிங்கர் என்று ஒவ்வொன்றாக நின்று மகேந்திரவாடி வருகிறது. ஸ்டேஷனில் என்னோடு இறங்கியவர்கள் நாலைந்து பேர். ஊருக்குள் போக ஒருவர் டூவீலரில் ஏற்றிக்கொண்டார். கல்குகைக்கு என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. வழியெல்லாம் நெல் வயல். ஏரி பெரிது, இன்னும் பாசனத்தில் இருக்கிறது.

குகை என்றால் மலையை எதிர்பார்ப்போம். இங்கே மலை கிடையாது. சமதரையில் தனியாகக் கிடக்கிற ஒரே ஒரு பாறை, அவ்வளவுதான். தூரத்தில் பார்த்தால் வைக்கோல் போர் மாதிரி. பக்கத்தில் போனால் அதன் வயிற்றில் கிழக்கு பார்த்து ஒரு மண்டபம். இரண்டு வரிசைத் தூண்கள், மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. முன்வரிசைச் சதுரத்தில் தாமரைப் பதக்கங்கள். பின்சுவரில் கருவறை, வாசலுக்கு இரண்டு பக்கமும் காவலர்கள். உள்ளே இப்போது இருப்பவர் நரசிம்மர், பிற்காலத்தில் வந்தவர். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் இதைக் குடைந்தது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். வைத்த பெயர் மகேந்திர விஷ்ணு கிருகம்.

மண்டகப்பட்டில் அவன் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தேன் என்று எழுதினான். திருச்சி மலையில் சிவனுக்கு. இங்கே முராரிக்கு, விஷ்ணுவுக்கு. மகேந்திரன் என்றால் சமணத்திலிருந்து அப்பரால் சைவத்துக்கு வந்தவன் என்றே பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுப் பழகியவர்கள் இந்தப் பாறை முன்னால் கொஞ்சம் நிற்க வேண்டும். எல்லோருக்கும் ஒவ்வொரு பாறையைப் பிளந்து கொடுத்தவன் அவன்.

தூணில் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ கிரந்த எழுத்தில், சமஸ்கிருதத்தில் ஒரே ஒரு சுலோகம். விரலால் தொடக்கூடாது என்று தெரிந்தும், தொடாமல் ஒரு அங்குலம் தள்ளி விரலை ஓட்டிக்கொண்டே பார்த்தேன். எழுத்து அவ்வளவு தெளிவு. ஒவ்வொன்றும் சுழித்து முடிகிற இடத்தில் உளி அவசரப்படவே இல்லை.

வாசலில் வேப்ப மரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் இந்தக் கோயிலுக்கு ஏதாவது கதை உண்டா என்று கேட்டேன். "ராஜா கட்னது" என்றார். வேறே? "ராஜா கட்னதுன்னேனே." அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நேற்று ஒரு கல்வெட்டும் இல்லாத பெண்ணைப் பற்றி நானூறு படிக்குக் கதை கேட்டேன். இன்று பெயர் வெட்டிய ராஜாவுக்கு இரண்டு வார்த்தை.

திரும்பி ஸ்டேஷனுக்கு வந்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து பெரியம்மாவுக்கு போன் போட்டேன். கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று, குணபரன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர் என்பதையும் சேர்த்து, தமிழில் சொன்னேன்: நல்லோர் போற்றுவது, உறுதியானது, விசாலமானது, மகேந்திரபுரம் என்னும் பேரூரில், மகேந்திர தடாகத்தின் கரையில், பாறையைப் பிளந்து குணபரன் செய்த மகேந்திர விஷ்ணு கிருகம் என்னும் முராரி வீடு, ஜனங்களின் கண்ணுக்கு அழகானது.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"ஊருக்கும் அவன் பேரு, ஏரிக்கும் அவன் பேரு, கோயிலுக்கும் அவன் பேரு" என்றார். "பொண்டாட்டி பேரு இன்னாவாம்?"

"கல்வெட்டுல அது இல்ல பெரிம்மா."

"ஏரி வெட்னவங்க பேரு?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் இன்னாத்தடா மூணு நாளா எழுதிகினு கீற?"

ரயில் வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்தேன். ரயில் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.